வெற்றிலை லொறியோடு போனவர்

வெற்றிலை விமானத்தில் போகிறது என்று முதலாளி சொன்னபோது நான் அவர் முகத்துக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். எங்கள் லயத்தில் ஒருவர்கூட விமானம் ஏறியதில்லை, வெற்றிலைக்கு மட்டும் என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"சிரி புள்ள, நல்லாச் சிரி. இன்டைக்கு நீ அடுக்குற வெத்தில நாளைக்குக் கராச்சில ஒருத்தன்ட வாய்க்குள்ள இருக்கும்" என்றார்.

என் வாயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுத்திருக்கத் தெரியாது. யாராவது "சும்மா இரு" என்றால் அன்றைக்குத்தான் சும்மா இருக்க முடியாமல் போகும். என் அம்மா அதற்காக என்னை அடித்திருக்கிறார், கங்காணி அதற்காக என் பெயரை வெட்டியிருக்கிறார். அதெல்லாம் சின்ன விஷயம். அந்தக் குணத்தால் என் வீட்டுக்காரரை நானே கொண்டுபோய்ச் சிறையில் தள்ளினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகள்தான் எங்கள் லயம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். வேலை இல்லாத நாளில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் பெயர் விழாது, பெயர் விழாத நாளில் இரவல் மாவில் ரொட்டி தட்டிப் பிள்ளைகளை உறங்க வைப்போம். அப்படியிருந்த காலத்தில்தான், தொண்ணூறுகளின் நடுவில், முதலாளி எங்கள் தோட்டத்துக்குக் கீழே மெயின் ரோட்டோரம் தகரம் போட்ட ஒரு பெரிய கொட்டகை கட்டினார். டவுனில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துக்காரர் அவர். சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களில் வெற்றிலைக் கொடி வைத்திருந்தவர்களிடம் கரும்பச்சைத் தடித்த இலையாக வாங்குவார். அதைத் தரம் பிரித்து அடுக்க எங்களைப் போன்ற பெண்களைக் கூப்பிட்டார்.

பறித்த வெற்றிலையிடம் நேரம் கேட்க முடியாது. ஓட்டை விழுந்தது, பழுத்தது, காம்பு முறிந்தது எல்லாம் ஒதுக்கி, நல்லதை ஈரத் துணியால் துடைத்து, வாழை மட்டை பரப்பிய கூடைக்குள் வட்டமாக அடுக்கி, மேலே நனைத்த சாக்கு வைத்துத் தைப்போம். ஒரே ஒரு அழுகல் இலை உள்ளே போனால் கூடையே போய்விடும். மத்தியானத்துக்குள் லொறி புறப்பட வேண்டும். பின்னேரம் விமானம். கப்பலில் அனுப்பினால் கராச்சிக்குப் போய்ச் சேருவது வெற்றிலையாக இருக்காது, சாணியாக இருக்கும்.

அந்த விமானத்தால் யார் யார் பிழைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியும். கொடி வைத்திருந்தவர்கள் மண்சுவரை இடித்துக் கல்வீடு கட்டினார்கள். கூடை முடைந்த குடும்பம், வாழை மட்டை கொண்டுவந்த கிழவர், சாக்குத் தைத்த விதவை, கொட்டகை வாசலில் பிளேன்டீ விற்றவள், எல்லோர் வீட்டிலும் புகை வந்தது. பேப்பரில் அந்நியச் செலாவணி என்று எழுதுவார்கள். அது என்ன மண்ணோ எனக்குத் தெரியாது. மழைநாளிலும் என் அடுப்பு எரிந்தது, அது தெரியும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் அவர் பேசுவதைக் கேட்டால் தமிழர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெற்றிலை லொறியை ஓட்டிய டிரைவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர். இருவரும் மச்சான் மச்சான் என்று ஒரு கோப்பையில் குடிக்காத குறைதான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் தமிழ் இயக்கக்காரர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாக்கினார்கள். வானொலியில் கேட்டபோது லயத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். நாட்டில் எங்கே எது வெடித்தாலும் எங்கள் பக்கம் தமிழில் சத்தமாகப் பேசவே பயப்படுவோம், நாங்கள் கொஞ்சம் பேர்தானே. ஆனால் இந்தத் தடவை பயத்தோடு பசியும் வந்தது. விமான நிலையத்தைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். விமானங்கள்தான் முன்போல வரவில்லை. வந்த ஒன்றிரண்டிலும் வெற்றிலைக்கு இடமில்லை. தைத்து வைத்த கூடைகள் கொட்டகையிலேயே சூடேறி நாறின. அவற்றைப் பிரித்து ஆற்றோரம் கொட்டியதும் நாங்கள்தான். கொடிக்காரர் ஒருவர் வந்து, வாங்க ஆளில்லாத இலையைத் தரையில் போட்டுவிட்டு, எங்கள் முன்னாலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

பல வாரத்துக்குப் பிறகு முதலாளி எப்படியோ அலைந்து ஒரு விமானத்தில் இடம் பிடித்தார். "இந்த ஒரு லோட் நல்லபடியாப் போய்ச் சேரணும். இல்லாட்டி கராச்சிக்காரன் வேற நாட்டுல வாங்கத் தொடங்கிருவான். அதோட நம்மட கொட்டகைக்குப் பூட்டுத்தான்" என்றார். அன்றைக்கு நாங்கள் மூச்சு விடாமல் அடுக்கினோம்.

லொறி புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது டிரைவர் சைக்கிளில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், ஏதோ சிக்கல், கையெழுத்துப் போட வரச் சொல்கிறார்கள். அந்த மனிதர் லொறிச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். யாரை அனுப்புவது? புதுச் சட்டப்படி, எந்த டிரைவரின் பெயர் முன்கூட்டியே கடிதத்தில் போயிருக்கிறதோ அவர் மட்டும்தான் விமான நிலையச் சரக்கு வாசலுக்குள் போகலாம்.

இங்கே தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய தம்பியோ மனைவியோ போய், அந்தப் பெயரைக் கூப்பிடும்போது "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு வேலை செய்வார்கள். பெயர் விழுந்தால் சரி. கங்காணிக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். தோட்டத்தை நடத்தும் துரை கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், "தப்புத்தாங்க, மன்னிச்சிருங்க" என்போம், அவர் கத்துவார், முடிந்தது. அது குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஆகவே நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "எங்க வீட்டுக்காரு ஓட்டிட்டுப் போகட்டுங்க முதலாளி. பேரு கூப்பிட்டா டிரைவரு பேரச் சொல்லிருவாரு. பெரட்டுல நாங்க செய்யாததா?"

முதலாளி தயங்கினார். "அது பெரட்டு இல்ல புள்ள. ஏர்போட்."

"எங்கயா இருந்தா என்னாங்க? வெத்தில போய்ச் சேரணுமா வேணாமா?"

டிரைவர் தன் அடையாள அட்டையையும் கடிதத்தையும் எடுத்து, கூடை ஏற்ற உதவிக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். பழைய அட்டை, படம் மங்கி, மீசை வைத்த எந்த ஆணுக்கும் பொருந்தும் முகம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு நாளைக்குச் சிங்களவனா இருந்து பாக்குறேன்" என்றார். அவர் நெற்றியில் இருந்த திருநீற்றை நான்தான் என் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டேன். அவருடைய சொந்த அடையாள அட்டையையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடமே வைத்துக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

வெற்றிலை போய்விட்டது. அவர் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் செய்தி வந்தது. சரக்குக் கிடங்கில் யாரோ விட்டுப்போன ஒரு பொதி கிடந்ததாம். திறந்து பார்த்தால் பழைய துணி. ஆனாலும் அன்று லொறி கொண்டுவந்த டிரைவர்கள் எல்லோரையும் விசாரணைக்கென்று ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். முதலாளி விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். அங்கிருந்து கொட்டகைக்குப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்து என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஆள் நல்லா இருக்கு. ஒன்டும் இல்ல. நீ வராத, விளங்குதா? நான் கூட்டிக்கிட்டு வாரன்."

"எந்தப் பொலிசுங்க? நான் ஏன் வரக்கூடாது?"

எந்த இடம் என்று சொன்னார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. "வராதன்னா வராத புள்ள" என்றார், வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பொலிஸ்காரர்கள் நின்றிருக்கிறார்கள் என்றோ, அவரால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாது என்றோ எனக்கு உறைக்கவில்லை. அவர் வெற்றிலை போய்ச் சேர்ந்தது, இனி அவருக்கு என் புருஷன் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைத்தேன். அவருடைய அல்லாவின் மேல் ஆணையாக அப்படி நினைத்தேன் என்று பிறகு அவரிடமே சொல்லி அழுதிருக்கிறேன்.

அன்று முழுவதும் பொறுத்தேன். ஒரு பிடி சோறு இறங்கவில்லை. அடிக்கிறார்களா, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று கேள்விப்பட்ட கதையெல்லாம் கண் முன்னால் வந்தது. பிள்ளைகள் "அப்பா எங்கம்மா" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, தோட்டத்து ஆபிசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கரிடம் நடந்ததைச் சொன்னேன். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கும் என் புத்திதான். "ஆள் மாறிப் போச்சுன்னுதான் புடிச்சு வச்சிருப்பாங்க. இவன் யாருன்னு தெரிஞ்சா விட்டுருவாங்க" என்றார். இன்னார் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர், நன்னடத்தை உள்ளவர் என்று ஆங்கிலத்தில் அடித்து, சீல் குத்திக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் என் வீட்டுக்காரருடைய அடையாள அட்டையையும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவிசாவளை, கொழும்பு, பிறகு இன்னொரு பஸ். வழியெல்லாம் சோதனைச் சாவடி, இறக்கி ஏற்றினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் பாடம் செய்துகொண்டே போனேன். கையைக் கும்பிட்டு நிற்க வேண்டும். "தப்புத்தாங்க, மன்னிச்சிருங்க" என்று சொல்ல வேண்டும். அவர்கள் கத்துவார்கள். கத்தட்டும். காலில் விழச் சொன்னால் விழலாம். துரை முன்னால் நிற்பதுபோல நின்றுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம்.

பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது மத்தியானம். முதலாளியைக் காணவில்லை. அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார் என்பது அப்புறம்தான் தெரியும். உள்ளே நீள பெஞ்சில் ஐந்தாறு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர். கையில் விலங்கு இல்லை. முகத்தில் காயம் இல்லை. ஒரு கையில் பாதி கடித்த பணிஸ், ஒரு கையில் பிளேன்டீ. பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க!" என்று தமிழில் அலறிக்கொண்டு ஓடினேன். "அடிச்சாங்களா? என் சாமி, ஒங்கள அடிச்சாங்களா?"

மேசையில் இருந்த சார்ஜன்ட் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்து, "மே கவுத மங் தன்னே நே மாத்தியா" என்றார். இது யாரென்று எனக்குத் தெரியாது ஐயா என்று.

பயத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் மறுபடியும் சொன்னார், பாவம், யாரோ பைத்தியக்காரப் பொம்பளை போல இருக்கிறது, வெளியே அனுப்பிவிடுங்கள் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அப்போது வந்தது எனக்குக் கோபம். தாலி கட்டினவள் சோறு தண்ணி இல்லாமல் மூன்று பஸ் மாறி வந்து நிற்கிறேன், என்னைத் தெரியாதாம்! பைத்தியமாம்!

ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையையும் கடிதத்தையும் எடுத்துச் சார்ஜன்டின் மேசையில் விரித்தேன். எனக்கும் சிங்களம் தெரியுமே. இவர் என் புருஷன், தமிழர், இந்தத் தோட்டத்தில் பிறந்தவர், உங்களிடம் இருக்கும் பெயர் இவருடையது இல்லை, அது வேறு ஆள், எங்கள் மேல்தான் தப்பு, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிக் கையைக் கும்பிட்டேன். மண்டியும் போட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கடிதத்தைப் படித்தார். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் யாரையோ கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த மற்ற டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக என் வீட்டுக்காரரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பணிஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

"ஏன்டி வந்த?" என்று தமிழில் கேட்டார்.

அவ்வளவுதான் எங்களைப் பேச விட்டார்கள். இரண்டு பேர் வந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பினார்கள். உள்கதவு சாத்தியது. நான் கதவில் அடித்தேன். ஒரு பெண் பொலிஸ் என்னை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டாள்.

முதலாளி தொப்பியோடு திரும்பி வந்து என்னை வாசலில் பார்த்தார். பார்த்த அந்த நொடியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. நெற்றியில் அறைந்துகொண்டார். "அல்லாவே! ரெண்டு மணிக்கு விடுறம் என்டு எழுதி வச்சிட்டாங்க புள்ள. பேப்பர்ல கையெழுத்து மட்டும்தான் மிச்சம்."

அப்போது ஒன்றரை மணி. விமான நிலையத்தைத் தாக்கி இரண்டு மாதம் ஆகவில்லை, சிங்களவன் பெயரில் ஒரு தமிழன் சரக்கு வாசலுக்குள் போயிருக்கிறான். அதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சீல் குத்திய கடிதத்தோடு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலாளியையும் அன்று இரவு வரை வைத்து விசாரித்தார்கள். டிரைவரை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த மகளை அவர் கையில் வாங்கியது இரண்டு வாரம் கழித்து. என் வீட்டுக்காரரை அங்கிருந்து இன்னோரிடம், அங்கிருந்து மற்றோரிடம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். உடுத்தச் சுத்தமான சாரமும் குளிக்கச் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு நான் போய் நிற்பேன். சில நாள் காட்டுவார்கள், பல நாள் "இங்கே இல்லை" என்பார்கள். ஒரு தடவை அவர் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கராச்சிக்காரர் அந்த லோட்டை ஏற்றுக்கொண்டார். இலை நன்றாக வந்தது, இன்னும் அனுப்பு என்று செய்தி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விமானங்களும் திரும்பின. கொட்டகையை மறுபடியும் திறந்தார்கள். கூடைக்காரர் வந்தார், பிளேன்டீக்காரி வந்தாள், கொடிக்காரர்கள் முகத்தில் உயிர் வந்தது. முதலாளி ஆள் அனுப்பி என்னையும் கூப்பிட்டார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நான் போனேன். போகாமல்? என் பிள்ளைகளுக்கு யார் போடுவது? என் வீட்டுக்காரர் உள்ளே இருந்த அந்த ஆறேழு மாதமும் தினமும் அடுக்கினேன். என் கையால் துடைத்த இலை அவரைத் தாண்டி, கடலைத் தாண்டி, இன்னொரு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரைப் பார்க்க மட்டும் எனக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. அப்போதெல்லாம் பாலத்தில் நடக்கும்போது ஆற்றைப் பார்க்காமல் நடப்பேன். பார்த்தால் குதித்துவிடுவேன் என்று பயம்.

அடுத்த வருஷம் சமாதானம் என்று பேச்சு வந்தது. வழக்குப் போடாமல் வைத்திருந்த சிலரை விட்டார்கள். அப்படித்தான் அவரும் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரை என் மூத்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை. டிராக்டர் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. கிளட்சை மிதிக்க இடது காலும் சரியில்லை. சிங்களத்தில் யாராவது பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார்.

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் போனது, ஒரு மாதம் போனது, ஒன்றுமில்லை. போட்டதைச் சாப்பிட்டார், மூலையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் பொறுக்கத் தெரியாதே. ஒரு மழைநாள் பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நான்தாங்க ஒங்களக் காட்டிக் குடுத்தேன். தெரியும்ல? ஒரு வார்த்த திட்டிருங்க. என்னால முடியல."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உதடு கோண, சின்னப்பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.

"அத்தன பேரு முன்னாலயும் ஒன்னத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்டி" என்றார். "மூணு பஸ்சு மாறி வந்தவள. பைத்தியம்னு சொன்னேன். உள்ள வச்சு அடிச்சப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம். மன்னிச்சிரு."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.